எண்பத்தைந்து சென்டிமீட்டர்

மூன்றாவது அமர்வு அன்று எனக்குக் கால் வீங்கிப்போய்ச் செருப்பே ஏறவில்லை. விடிவதற்குள் எழுந்து நாற்பது பேருக்குச் சோறும் புளிக்குழம்பும் ஆக்கி, கடையை மகளிடம் ஒப்படைத்துவிட்டு வட்டார மன்றத்துக்கு நடந்து வந்திருந்தேன். பதினோரு வருடமாகச் சமரசக் குழுவில் இருக்கிறேன். சம்பளம் கிடையாது. கிறிஸ்துமஸுக்கு ஒரு பை அரிசியும், எங்கள் வட்டாரத் தலைவர் கபிதான் பல்லைக் காட்டிச் சிரிக்கிற காலண்டர் ஒன்றும் தருவார்கள். விலகிக்கொள்கிறேன் என்று மூன்று முறை சொல்லிவிட்டேன். மூன்று முறையும் கபிதான், “ஆகட்டும் சியோனி அக்கா, அடுத்த மாசம் பாக்கலாம்” என்றார்.

எங்கள் நாட்டில் அக்கம்பக்கத்துச் சண்டை நேராகக் கோர்ட்டுக்குப் போக முடியாது. முதலில் எங்கள் மேசைக்கு வர வேண்டும். சேவல் கூவுகிறது, பாட்டுப் பெட்டி அலறுகிறது, மாமரம் சாய்கிறது, அவள் என்னைப் பார்த்துத் துப்பினாள், எல்லாம் இங்கேதான். வக்கீலுக்கு உள்ளே இடமில்லை, சண்டைக்காரர்கள் தாங்களே வந்து தாங்களே பேச வேண்டும். பேசி முடித்து எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஏமாற்றினார்கள், மிரட்டினார்கள் என்று பத்து நாளுக்குள் யாரும் வந்து மறுக்கவில்லை என்றால், அந்தத் தாள் கோர்ட் தீர்ப்புக்குச் சமம். ஒத்துவரவே இல்லை என்றால் ‘ஒத்துவரவில்லை’ என்று ஒரு சான்றிதழ் கொடுத்து அனுப்புவோம். வருடக் கடைசியில் எத்தனை முடிந்தது, எத்தனை முடியவில்லை என்று மேலிடத்துக்கு எழுத வேண்டும். முடியாத வழக்கு ஒவ்வொன்றும் கபிதானுக்கு மானப் பிரச்சினை.

அன்றைய வழக்கு ஒரு வழி பற்றியது. லுமெங்கின் வீடு உள்ளே தள்ளி இருக்கிறது. முன்னால் உள்ள மனை மெல்ச்சோருடையது. தெருவிலிருந்து லுமெங் வீட்டுக்குப் போக மெல்ச்சோரின் மனைக்குள் ஓரமாகத்தான் போக வேண்டும். நேராகப் போய், கோடியில் சட்டென்று இடது பக்கம் திரும்பினால் அவள் வீட்டுக் கதவு. ஒரு பக்கம் ஐஸ் தொழிற்சாலையின் மதில், பின்னால் ஓடை. வேறு வழியே இல்லை. மனை முன்பு லுமெங்கின் ஒன்றுவிட்ட சித்தப்பாவிடம் இருந்ததால் அகலத்தை யாரும் கேட்டதில்லை. அதே தெருவில் வாடகைக்கு இருந்த மெல்ச்சோர் அதை வாங்கிய பிறகு, ஊருக்குள் ஆள் ஏற்றி ஓட்டும் தன் ஜீப்னி வண்டியை உள்ளே நிறுத்தக் கொட்டகை போட வேண்டும், சுவர் எழுப்ப வேண்டும் என்றார். மனை அவருடையது, ஜீப்னி அவருக்குச் சோறு போடுவது. லுமெங்கின் புருஷன் தாசியோ பக்கவாதம் வந்து சக்கர நாற்காலியில் இருந்தார். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தால் சமரசம் பேசுகிறவள் பாடு அவ்வளவுதான்.

முதல் அமர்வில் லுமெங் இரண்டு மீட்டர் கேட்டாள். மெல்ச்சோர் அறுபது சென்டிமீட்டர் என்றார். இரண்டாம் அமர்வுக்கு அவர் தன் தங்கை மகனான வக்கீலைக் கூட்டிவந்தார். அவனை வெளியே உட்கார வைத்தேன். ஜன்னல் வழியாகக் கையால் சைகை காட்டினான். எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன். அன்றைக்குத்தான் லுமெங் அவரை, “எங்கேருந்தோ வந்து ஒண்டிக்கிட்டவன்” என்று சொல்லிவிட்டாள். இருபத்திரண்டு வருடமாக எங்கள் தெருவில் இருக்கிற மனிதர். அவர் முகம் செத்துப்போயிற்று.

இதற்கு நடுவே மேலிடத்திலிருந்து எங்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. நகரத்திலிருந்து வந்த பெண், இஸ்திரி கலையாத சட்டை போட்டுக்கொண்டு, “என்ன வேணும்னு கேக்காதீங்க, ஏன் வேணும்னு கேளுங்க. அதுதான் இப்போ உலகம் முழுக்க வந்திருக்கிற முறை” என்றாள். புது விண்ணப்பத் தாளிலும் ‘ஏன்’ என்று ஒரு கட்டம் வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பாக வந்தது. எங்கள் தெருவில் ஏன் என்று கேட்டால் மூன்று தலைமுறைக் கதை சொல்வார்கள், நிஜக் காரணத்தை மட்டும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் மூன்றாம் அமர்வில் கேட்டேன்.

“லுமெங், உனக்கு ஏன் ரெண்டு மீட்டர்?”

“ஏன்னா? இவரைத் தள்ளிட்டுப் போக வேணாமா? வாரம் ரெண்டு தடவ ஆஸ்பத்திரி.”

“அண்ணே, உங்களுக்கு ஏன் அறுபது?”

“ஜீப்போட கண்ணாடி இடிக்கும் அக்கா. அதுக்கு மேல ஒரு காரணமும் இல்ல.”

“அப்போ நாற்காலிய அளந்துடுவோம்” என்றேன்.

தாசியோவை நடுக்கூடத்துக்குத் தள்ளிவந்தோம். அவருக்கு ஒரு பக்க வாய்தான் வேலை செய்யும். “என்னை என்னடா தையக்காரன்கிட்டக் கூட்டிட்டு வந்த மாதிரி” என்று குழறினார். எல்லோரும் சிரித்தோம், மெல்ச்சோரும் சிரித்தார். சக்கரத்துக்குச் சக்கரம் அறுபத்தாறு. முழங்கை இடிக்காமல் இருக்க எண்பது. இன்னும் ஐந்து போட்டு எண்பத்தைந்து என்று மெல்ச்சோரே இறங்கி வந்தார்.

லுமெங் சரி சொல்லவில்லை. வாயைத் திறந்தாள். “அதில்ல, நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா…” என்றவள் தாசியோவைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். தாசியோ தன் முட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கபிதானின் எழுத்தர் மேசையை மூன்று தரம் தட்டினான், மெல்ச்சோர் கதவை மூன்று தரம் தட்டினார். நானும் நாற்காலிக் கையைத் தட்டினேன். கெட்ட பேச்சு வாய்க்கு வந்தால் அது பலிக்காமல் இருக்க மரத்தைத் தட்டுவது எங்கள் வழக்கம்.

லுமெங் சொல்ல வந்தது எனக்குப் புரிந்தது. ஆனால் எங்களில் யாரும் உயிரோடு உட்கார்ந்திருக்கிறவர் முன்னால் சவப்பெட்டியின் அளவைச் சொல்ல மாட்டோம். சொன்னால் அந்தப் பெட்டி விலாசம் தெரிந்துகொண்டு வந்துவிடும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள். தாசியோவைக் கொஞ்ச நேரம் வெளியே அனுப்பிவிட்டுப் பேசியிருக்கலாம். நான்காவது அமர்வுக்குத் தள்ளியிருக்கலாம். என் கால் வலித்தது. கபிதான் வாசலில் நின்று கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். நான் எழுதினேன்: வழி எண்பத்தைந்து சென்டிமீட்டர். லுமெங் கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டே இருந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். மெல்ச்சோர் எல்லோருக்கும் சர்க்கரை உருக்கிப் பொரித்த வாழைப்பழம் வாங்கித் தந்தார்.

பத்து நாள் யாரும் மறுக்க வரவில்லை. பதினோராம் நாள் சுவர் எழும்பியது. கோடு பிடித்தாற்போல் நேரான சுவர், ஒரு சென்டிமீட்டர் கூடத் திருடவில்லை மெல்ச்சோர்.

ஏழு மாதம் கழித்துத் தாசியோ ஆஸ்பத்திரியில் காலமானார். மறுநாள் மத்தியானம் சவ ஊர்திக்காரர்கள் மருந்து ஏற்றிய உடலைப் பெட்டியில் வைத்துத் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். வழியின் வாயில் எல்லோரும் கூடி நின்றிருந்தார்கள்.

பெட்டி உள்ளே போகும். முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் பிடித்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு போகும். ஆனால் கோடியில் இடது பக்கம் திரும்பாது. இரண்டு மீட்டர் நீளப் பெட்டி எண்பத்தைந்தில் எப்படித் திரும்பும்? அதோடு பெட்டி சுவரில் பட்டால் அந்த வீட்டில் அடுத்த சாவு என்பதால் தூக்குகிறவர்கள் கையெடுத்துக் கும்பிட்டு ஒதுங்கிவிட்டார்கள்.

ஊர்திக்காரர்களில் மூத்தவன், “அம்மா, பெட்டிய நெட்டுக்குத்தா நிறுத்தித் திருப்பிடலாம். பெல்ட் போட்டுக் கட்டிடுறோம், ஒண்ணும் ஆகாது” என்றான்.

லுமெங் அவனைத் திட்டவில்லை. சோர்ந்துபோன குரலில், “எம் புருஷன் உயிரோட இருந்தப்பவே ஒரு வருஷமா நிக்கல தம்பி. செத்தப்புறம் நிக்க வைப்பியா?” என்றாள்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. புருஷன் தன் வீட்டில் ஏழு நாள் கிடக்க வேண்டும், தன் வாசல் வழியாகப் புறப்பட வேண்டும். எங்கள் தெருவில் எல்லோருக்கும் கிடைப்பது அது. குடித்துவிட்டு ஓடையில் விழுந்து செத்தவனுக்குக்கூடக் கிடைத்தது.

வேறு வழியில்லாமல் தெருவிலேயே கூடாரம் போட்டார்கள். கபிதான் மன்றத்துக் கூடாரத்தையும் பிளாஸ்டிக் நாற்காலிகளையும் அனுப்பினார். தெரு அங்கே குறுகல். பெட்டியை வைக்க இருந்த ஒரே இடம் மெல்ச்சோரின் கேட்டுக்கு நேர் முன்னால். உள்ளே ஜீப்னி நின்றுகொண்டிருந்தது.

அன்றே மெல்ச்சோரிடம் போனேன். அவர் கொட்டகையில் ஜீப்பின் படியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். கூடாரத்துக்கு இரண்டு பெரிய ஃப்ளாஸ்க் காபி அனுப்பியதும் அவர்தான்.

“அண்ணே, அந்த மூலைய மட்டும் இடிச்சுக் குடுங்க. ஏழு நாளுக்கு.”

“எண்பத்தஞ்சுன்னு எழுதுனது யாரு அக்கா?”

“நான்தான்.”

“கோர்ட் தீர்ப்புக்குச் சமம்னு சொன்னது யாரு?”

“நான்தான். இப்போ நான் சட்டம் பேச வரல.”

“ஒண்டிக்கிட்டவன் சுவரத்தான் இடிக்கணுமா?” என்றார். குரலை உயர்த்தவில்லை. “அவங்க வந்து கேக்கட்டும். ஒரு வார்த்தை. நானே இடிக்கிறேன்.”

கூடாரத்துக்கு வந்து லுமெங்கிடம் சொன்னேன். “நான் கையெழுத்துப் போட்டவ. போட்டுட்டுப் போய்க் கெஞ்ச மாட்டேன்” என்றாள். மறுபடி மெல்ச்சோரிடம், மறுபடி லுமெங்கிடம். மூன்று நாள் இப்படிச் செக்கு மாடு மாதிரி நடந்தேன். மூன்றாம் நாள் மாலை எனக்கே என் மேல் வெறுப்பு வந்தது. இவர்களை அப்படியே விட்டுவிட்டுப் போனால் என்ன என்று தோன்றியது.

நான்காம் நாள் காலை மெல்ச்சோர் மன்றத்துக்கு வந்து புகார் எழுதிக் கொடுத்தார். தெருவில் கூடாரம், வண்டி எடுக்க முடியவில்லை, பிழைப்பு நின்றுபோயிற்று. ‘ஏன்’ என்ற கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தார். கபிதான் அந்தத் தாளை என் கையில் கொடுத்துவிட்டு, ஒரு அவசரக் கூட்டம் இருப்பதாக வெளியே போய்விட்டார்.

லுமெங்குக்கு அழைப்பாணை அனுப்ப வேண்டும். ஆனால் பிணத்தைத் தனியே விட்டு அவள் வர மாட்டாள், வரவும் கூடாது. ஆகவே அமர்வைப் பிணம் இருக்கிற இடத்துக்குக் கொண்டுபோனேன். பதினோரு வருடத்தில் நான் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. பிணத்துக்குக் காவலாக விழித்திருந்து சீட்டாடிக்கொண்டிருந்தவர்களைப் பக்கத்துக் கடைக்கு அனுப்பினேன். அவர்கள் கொறித்துப் போட்ட தர்பூசணி விதைத் தோலைத் தள்ளிவிட்டு மேசையைப் பெட்டிக்கு அருகில் இழுத்துப்போட்டேன். பெட்டி மூடியின் கண்ணாடிக்குக் கீழே தாசியோ வெள்ளைச் சட்டை போட்டுப் படுத்திருந்தார். ஒரு பக்கம் லுமெங், மறு பக்கம் மெல்ச்சோர்.

வழக்கமாக இரண்டு தரப்புக்கும் வணக்கம் சொல்லி, விதிகளை வாசித்துக் காட்டி ஆரம்பிப்பேன். அன்றைக்கு முடியவில்லை.

“ரெண்டு பேரும் கேளுங்க. எண்பத்தஞ்சுன்னு எழுதுறப்பவே பெட்டி திரும்பாதுன்னு எனக்குத் தெரியும். அவர் எதிர்ல சொல்லக் கூடாதுன்னு வாய மூடிக்கிட்டேன். அதுகூடப் பாதிதான். எனக்குக் கால் வலிச்சுது. முடிஞ்சாப் போதும்னு இருந்துது. அதான் எழுதுனேன்.”

தெருமுனையில் ஒரு ஜீப்னி ஹாரன் அடித்தது. மெல்ச்சோர் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி மேசையைப் பார்த்தார்.

“எனக்கும் தெரியும் அக்கா” என்றார். “கதவத் தட்டுனேனே, பாக்கலியா? தெரியாமயா தட்டுனேன்? ஜீப் நல்லா நிக்குமேன்னு கம்முனு இருந்துட்டேன்.”

லுமெங் கைக்குட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

“அவருக்கும் தெரியும்” என்றாள். “அன்னைக்கு மன்றத்துலேருந்து தள்ளிட்டுப் போறேன். பாதி வழியில கையக் காட்டி நிறுத்தச் சொன்னார். ‘லுமெங், அந்தத் திருப்பத்துல நான் எப்படிடீ போவேன்?’னு கேட்டார். மன்றத்துல அவர் மனசு நோகக் கூடாதுன்னு நாம எல்லாரும் மரத்தத் தட்டிக்கிட்டு இருந்தோம். அவர் நம்ம மனசு நோகக் கூடாதுன்னு முட்டியப் பாத்துக்கிட்டு இருந்திருக்கார்.”

“நீ என்ன சொன்ன?” என்று கேட்டேன்.

“பேசாம வாங்கன்னு சொன்னேன்.” கைக்குட்டையை முகத்தில் வைத்துக்கொண்டாள். “அதுக்கப்புறம் அவர் கேக்கல.”

மெல்ச்சோர் எழுந்தார். கேட்டைத் திறந்து உள்ளே போனார். கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். சம்மட்டியோடு வந்தார்.

“அண்ணே” என்று லுமெங் கூப்பிட்டாள். அவரை அவள் அண்ணே என்று அழைத்து நான் கேட்டதில்லை. “அன்னைக்கு நான் சொன்ன வார்த்தை…”

“விடும்மா. கண்ணாடிக்கு மேல கண்ணீர் விழுந்துடப் போவுது, தள்ளி உக்காரு” என்றார். பெட்டிமேல் கண்ணீர் பட்டால் போகிறவர் நிம்மதியாகப் போக முடியாது என்பார்கள்.

அவரும் சீட்டாடிக்கொண்டிருந்த நான்கு பேரும் மத்தியானத்துக்குள் மூலையை இடித்து முடித்தார்கள். நான் கல் பொறுக்கிப் போட்டேன். அந்த வீங்கின காலோடுதான். சாயங்காலம் ஆறு பேர் முன்னும் பின்னும் மாறி மாறித் தூக்க, தாசியோ எதிலும் படாமல் திரும்பித் தன் வீட்டுக்குள் போனார். மூன்று நாள் அங்கே கிடந்தார். பிறகு தன் வாசல் வழியாகப் புறப்பட்டார். ஏழு நாள் கேட்டவளுக்கு மூன்று நாள். சமரசம் என்றால் எப்போதும் அப்படித்தான், யாரும் கேட்டது முழுசாகக் கிடைத்து வீட்டுக்குப் போவதில்லை.

அடக்கம் முடிந்து, ஒன்பது நாள் ஜெபமும் முடிந்த பிறகு இரண்டு பேரும் மன்றத்துக்கு வந்தார்கள். சுவரை மறுபடி கட்ட வேண்டும், பழைய தாள் செல்லாது, புதிதாக ஒன்று எழுத வேண்டும். கபிதான் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அன்றைக்கு நாற்பது பேருக்கு அல்ல, அறுபது பேருக்குச் சமைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் ஏதோ விழா.

“எவ்வளவு எழுதட்டும்?” என்றேன்.

மெல்ச்சோர், “அவங்க சொல்றதுதான்” என்றார்.

லுமெங் கறுப்பு உடையில் இன்னும் சுருங்கித் தெரிந்தாள். “பழையபடி எண்பத்தஞ்சே போடுங்க அக்கா. நாற்காலியும் இல்ல, அவரும் இல்ல. ஒண்டிக்கட்டை நடந்து போறதுக்கு எதுக்கு அகலம்? அவர் ஜீப்பாவது நல்லா நிக்கட்டும்.”

பேனா கையில் இருந்தது. எண்பத்தைந்து என்று எழுதினால் இரண்டு கையெழுத்து, முடிந்தது. வீட்டுக்குப் போய் வெந்நீரில் காலை வைக்கலாம். கபிதான் கட்டை விரலைக் காட்டத் தயாராக நின்றார். இரண்டு பேருக்கும் சம்மதம் என்றால் நடுவில் இருக்கிறவள் எதற்கு வாயைத் திறக்க வேண்டும் என்றுதான் பதினோரு வருடமாக இருந்திருக்கிறேன்.

“லுமெங்,” என்றேன், “உன் பெட்டி எப்படிப் போகும்?”

எழுத்தர் கை மேசைக்குப் போனது. அவனை முறைத்தேன், கையை எடுத்துக்கொண்டான். மெல்ச்சோர் கதவுப் பக்கம் போகவே இல்லை. நடுக்கூடத்தில் உயிரோடு நிற்கிற ஒரு பொம்பளையைப் பார்த்து அப்படிக் கேட்டுவிட்டேன். லுமெங் என்னைப் பார்த்தாள். அவ்வளவு நேரம் யாரும் என்னைப் பார்த்ததில்லை.

“வாயப் பாரு உனக்கு” என்றாள். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். “இப்போ இடிச்சிருக்கிற இடத்துல எவ்வளவு இருக்கு?”

“ஒண்ணே கால் மீட்டர்” என்றார் மெல்ச்சோர். “மூலையச் சரிவா விட்டுடுறேன்.”

“அது அவருக்குச் சரியாப் போச்சு. அவர் ஒல்லி.” தன் இடுப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். “எனக்கு இன்னும் அஞ்சு சேத்து எழுதுங்க அக்கா.”

எனக்குக் கண் மறைத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினேன்.